குறட்டையைக் கேட்ட மிசி

தலைமன்னாரில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தியபோதுதான் கொண்டக்டர் சொன்னான், பிறசர் கிளினிக் தாதி பிலோமினா மிசி கண்ணை மூடிவிட்டாராம் என்று. போன கிழமைகூட என் பஸ்ஸில் வந்து, பிரேக் பிடித்த விதம் சரியில்லை என்று ஏசிவிட்டு இறங்கியவர்! அவரிடம் ஏச்சு வாங்காதவர் நம் தீவில் யார்?

இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பித் தகரக் கொட்டிலில் நாங்கள் இருந்த காலம். மூன்று விதக் குளிசை போட்டும் எனக்கு இரத்தப் பிறசர் இறங்கவில்லை. குளிசையை ஒழுங்காகப் போடுகிறேனா என்று டொக்டர் என்னைச் சந்தேகப்பட்டார். நான் என் மனுசி கறிக்குப் போடும் உப்பைச் சந்தேகப்பட்டேன். மிசி மட்டும் நான் குறட்டை விடுவேனா என்று கேட்டார். எனக்கோ பெருமை. பக்கத்துக் கொட்டில்காரரே சாட்சி, அப்படியொரு நல்ல நித்திரை என்றேன். அது நித்திரையில்லை, மூச்சு அடைபடுகிறது என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த கிளினிக்கில் நடந்ததை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது! வாங்குப் பலகையில் இருந்தபடி பட்டப்பகலில் நான் நித்திரையாகிவிட்டேன். மிச்சமெல்லாம் கூட வந்த மனுசி சொன்னது. என் குறட்டை சட்டென்று நின்றதாம். மிசி கையைத் தூக்கிச் சனத்தை அமர்த்திவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்து விநாடிகளை எண்ணத் தொடங்கினாராம். ஒவ்வொருவராக முழு வரிசையும் சேர்ந்து எண்ணியதாம். பதினெட்டில் மனுசி அழுதுவிட்டாள். இருபத்துமூன்றில் நான் பெரிய இழுப்பொன்று இழுத்து விழித்தேன். சனம் கைதட்டியது. எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

மிசி கைதட்டவில்லை. "இப்பிடி மூச்சு நிண்டு நிண்டு வந்தால் பிறசர் எப்பிடி இறங்கும்? உங்கட பஸ்ஸில எத்தினை சீவன் ஏறுது றைவர்?" என்றார்.

பஸ் ஓடாவிட்டால் வீட்டில் உலை ஏறாது என்று முனகினேன்.

"ஓட வேண்டாமெண்டு ஆர் சொன்னது? சோதிச்சுப்போட்டு வந்து ஓடுங்கோ."

அதுவரை எனக்கு டிப்போவில் வேறு வேலை தரும்படி அவரே போய்க் கேட்டார். டொக்டரிடம் கடிதம் வாங்கிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே உடம்பெல்லாம் வயர் பூட்டி நித்திரையைச் சோதித்தார்கள். இரவில் மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்கும் காற்று மெசின் கிடைத்தது. பிறசர் மெல்ல மெல்லக் கைக்குள் வந்தது. விடிய எழும்பினால், அடடா, தலை என்ன லேசு!

பிறகு பிறசர்காரர் எவரையும் அவர் சும்மா விட்டதில்லை. "குறட்டை விடுறவரைக் கேளாதேங்கோ, பக்கத்தில படுக்கிறவையைக் கேளுங்கோ" என்பார். எங்கள் பள்ளிவாசல் பக்கத்துக் கடை முதலாளி தன் மனைவி சொல்லித்தான் அகப்பட்டார்.

நேற்று வங்காலையில் மிசியின் அடக்கம். கிளினிக் சனம் முழுவதும் என் பஸ்ஸில்தான் வந்தது, நிற்கவும் இடமில்லை. மிசியால் எனக்கு மிஞ்சியது இதுதான்: அத்தனை சீவனையும் ஏற்றிக்கொண்டு வேதக் கோயில் வாசல்வரை ஓட்டினேன். கண் கலங்கியது, நித்திரையில் சொருகவில்லை.