பத்தாங்கிளாஸ் பாஸான கைநாட்டு

போன வாரம் சித்திரபுரத்து ஜெராக்ஸ் கடையில் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை நீட்டினேன். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி அத்தாட்சி வேண்டுமாம். பெரியவள் துபாயில் நர்ஸ். அம்மா ஒருதடவை வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கடைப்பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது சர்டிபிகேட்டா, டைரியா?" என்றாள். எங்கள் காலத்தில் கேரளத்தில் பத்தாவது பாஸானால் தாள் தரமாட்டார்கள், அட்டை போட்ட குட்டிப் புத்தகமே தருவார்கள் என்று விளக்கினேன். அவள் மூக்கருகே கொண்டுபோய், "தேயிலை வாசம் அடிக்குதே!" என்றாள். அடிக்காமல் என்ன செய்யும்? பூச்சி அரிக்கக் கூடாதென்று அப்பா அதைத் தேயிலை டப்பாவுக்குள்தான் வைத்திருந்தார்.

அப்பா பெயர் பெருமாள். தேயிலை எஸ்டேட் பாக்டரியில், பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மாடியில் வேலை. அம்மா நான் ஏழாவது படிக்கையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நானும் அப்பாவும்தான். எழுபதுகளின் நடுவில், எங்கள் லயத்தில் வரிசையாய் ஒட்டியிருந்த பன்னிரண்டு வீட்டிலும் பத்தாவது பாஸான முதல் பெண் நான். கணக்கில் எத்தனை மார்க் என்று மட்டும் கேட்காதீர்கள். அப்பா வீடு வீடாக ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, "எம்பொண்ணு இனிமே ஆபீசு ஸ்டாபு, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆபீசுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி எட்டவில்லை.

ஸ்டாப் என்றால் மாதச் சம்பளம், தனிக் குவார்ட்டர்ஸ், காலில் எப்போதும் செருப்பு. கொழுந்து பறிக்கக் கூடை தூக்கினால் நாள்கூலி, லயத்து வீடு, காலில் ரத்தம் குடிக்கிற அட்டை. இரண்டுக்கும் நடுவே இருந்தது அந்தக் குட்டிப் புத்தகம். இன்னொரு நம்பிக்கையும் எங்கள் மலையில் இருந்தது: ஒருதடவை கூடை தூக்கியவளை ஆபீசுக்குள் எடுக்கவே மாட்டார்கள். ஆகவே அப்பா என்னைக் கூடையைத் தொடவிடவில்லை. அவர் பெரிய கிளார்க்கைப் பார்க்கப் போவதும், அந்த மலையாளத்துக்காரர் "நோக்கலாம் பெருமாளே" என்பதுமாக ஒன்றரை வருஷம் ஓடியது. நான் வீட்டில் உட்கார்ந்து சாயா குடித்துக் கொழுத்தேன்.

பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். கொழுந்து பறிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. குறித்த எடைக்கு மேல் பறிக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு உண்டல்லவா, அந்தக் காசில் அவள் ரேடியோப் பெட்டி வாங்கினாள், கொலுசு வாங்கினாள், சனிக்கிழமை சந்தைக்குப் போனால் எனக்கு கிரீம் பிஸ்கட் வாங்கிவருவாள். "பத்தாங்கிளாஸுக்கு அஞ்சாங்கிளாஸ் வாங்கிப்போடுது. தின்னுட்டி, வெக்கப்படாத" என்பாள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் தின்றுவிடுவேன்.

இந்தச் சிரிப்பெல்லாம் அப்பா ரிட்டயராக ஒரு மாதம் இருக்கும்வரைதான். எஸ்டேட் சட்டம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ: வீட்டில் ஒருவர் பெயராவது வேலையில் பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ரிட்டயரான கையோடு வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிடவேண்டும். சொந்த ஊரான திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்கென்று ஒரு கூரை கிடையாது. அப்பாவோ, "கடைசி நேரத்துல கூப்பிடுவாவ தாயி" என்று தைரியமாக இருந்தார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

ஒருநாள் அப்பா விடியுமுன் பாக்டரிக்குப் போனதும், செல்லக்கனியோடு மலைக்குப் போனேன். கொழுந்துக்காலம், ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழியில் அவள் எச்சரித்தாள்: "ஏட்டி, படிச்சவன்னு வாயத் திறந்துராத. நாலு நாள்ல கூடையப் போட்டுட்டு ஓடிருவான்னு பேர் பதிய மாட்டாவ." கங்காணி நீட்டிய பதிவேட்டில், ஷேக்ஸ்பியரை மனப்பாடம் செய்த நான், பெருவிரலை மையில் அழுத்திக் கைநாட்டு வைத்தேன். சாட்சிக்குச் செல்லக்கனி. பள்ளிக்கூடத்தோடு எழுத்தையும் மறந்திருந்தவள், ஆறு மாதமாக நான் கற்றுக்கொடுத்த கையெழுத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு, 'னி'க்குச் சுழியெல்லாம் போட்டு, பாதிப் பக்கத்துக்கு எழுதினாள். கங்காணி என்னைப் பார்த்து, "அவளப் பாத்துப் படிச்சுக்கோ" என்றார். சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கலே வந்துவிட்டது.

லயம் முழுவதற்கும் விஷயம் தெரியும், அப்பாவைத் தவிர. ஒருத்தராவது மூச்சு விடவேண்டுமே! அவர் திரும்புவதற்குள் கூடையைச் செல்லக்கனி வீட்டில் ஒளித்துவிட்டு, முகம் கழுவி, புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிடுவேன். அவர் வந்ததும் வராததுமாகத் திட்ட ஆரம்பிப்பார். என்னை அல்ல. "எந்த மூதேவியோ புதுசா வந்துருக்கா. ரெண்டு இலை ஒரு மொட்டுன்னா, இவ காம்போட முத்தல் இலையா உருவிப் போடுதா. மாடி பூரா பொறுக்குதேன், இடுப்பு விட்டுப் போச்சு." நான் மை போகாத பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, "யாருப்பா அது, அறிவுகெட்டவ" என்று ஒத்து ஊதுவேன்.

ரிட்டயராக ஒரு வாரம் இருக்கையில் பெரிய கிளார்க் கூப்பிட்டனுப்பினார். அப்பா சலவை வேட்டி கட்டி, டப்பாவோடு என்னை இழுத்துப் போனார். கிளார்க் புத்தகத்தைப் படித்தார். என் பெயரில் விரலை வைத்தபடியே நெற்றியைச் சுருக்கினார். எழுந்து போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து பிரித்தார். அதே பெயர், அதே வீட்டு நம்பர், பக்கத்தில் அவரைக்கொட்டை அளவுக்கு நீலக் கைநாட்டு.

"பெருமாளே, இது யாரு? கையொப்புப் போடத் தெரியாத ஆளுக்கு ஆபீசு வேலை எப்படித் தரும்?"

அப்பா பதிவேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்; வீடு போய்விடும் என்று பயந்தேன் என்பதையும் சேர்த்து. கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்வரை சிரித்தார். பிறகு, ஆபீசு இடத்துக்கு பி.ஏ. படித்த ஒருவர் வந்திருக்கிறார், பத்தாவதெல்லாம் இனி போதாது என்றார். "கொழுந்தில் பேர் உண்டல்லோ, வீட்டை விடண்டா" என்று, வீட்டைக் காலி செய்யவேண்டாம் என்பதையும் சொன்னார்.

வெளியே வந்து பாதி தூரம்வரை அப்பா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். திடீரென நின்றார். "அப்போ அந்த முத்தல் இலை மூதேவி நீதானா?"

"ஆமாப்பா."

அவர் சிரித்த சிரிப்பில் டப்பா கையிலிருந்து நழுவி, நடுரோட்டில் உருண்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் வீட்டுக்காக அழுதாரா, ஆபீசுக்காக அழுதாரா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

அப்புறம் நாற்பது வருஷம் கூடைதான். பி.ஏ. கிளார்க்கின் சம்பளத்தைக் கொழுந்துக்காலத்தில் செல்லக்கனி தொட்டுவிடுவாள். நானும் கிட்டத்தில் வந்திருக்கிறேன். ஆனால் பனிக்காலத்தில் கொழுந்து சுருங்கினால் எங்கள் காசும் சுருங்கும். அவருக்கு மாதம் பிறந்தால் அதே சம்பளம் வரும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் என் இரண்டு பெண்களையும் கூடைப்பக்கமே விடவில்லை. அப்பா புத்தி, வேறென்ன! ஒருத்தி நர்ஸ், ஒருத்தி கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு மாதத்தில் அவர்கள் வாங்குவதை நான் ஒரு வருஷத்திலும் பார்த்ததில்லை.

செல்லக்கனி போடிக்கு மகனோடு போய்விட்டாள். என் கடைசி வருஷங்களில் லயத்தில் வடக்கேயிருந்து வந்தவர்கள்தான். சாயங்காலம் வேறு பாஷை கேட்டது. நான் ரிட்டயரான அன்று ஆபீசில் ஒரு சின்ன வயதுக் கிளார்க் பதிவேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டார்: "அம்மா, உங்க வீட்டுலேர்ந்து வேலைக்குப் பேர் பதிய வேற யாராவது உண்டோ?"

"யாருமில்ல சாரே. எல்லாரும் படிச்சிட்டாவ" என்றேன். சொல்லும்போது என்ன பெருமை எனக்கு! அவர் தலையாட்டிவிட்டு, சாவிக்குக் கையை நீட்டினார்.