வேலை கொடுத்தால் படுத்துக்கொள்ளும் போர்டு

எண்ணூரில் பிறக்கிற மின்சாரம், எந்தக் கம்பியில் போகலாம் என்று ராயபுரம் ஜானட் அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறது. மின்னல் எங்கள் சந்துக்குள் வருவதாக இருந்தால் முனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வரும். டிரான்ஸ்ஃபார்மர் அவளைப் பார்த்து முனகுவதுகூட மரியாதையால்தான்.

இப்பேர்ப்பட்டவளுக்கு வயது இருபத்தேழு. மாடி வீட்டு யேசுதாஸ் மாமாவின் ஒரே மகள். பாலிடெக்னிக் படித்தவள். திருவொற்றியூரில் சௌக்கத் பாய் நடத்தும் சின்னக் கம்பெனியில் ஆறு மாதமாகத் தற்காலிக வேலை. சாப்பாட்டுப் பையில் ஊறுகாய் இருக்கிறதோ இல்லையோ, மீட்டர் இருக்கும். போன தை மாதம் பெண் பார்க்க வந்த மாதவரம் மாப்பிள்ளையின் பவர் பேங்கை வாங்கி அளந்து, "மேல அஞ்சு வோல்ட்டுன்னு போட்டுகீது, உள்ள நாலரைதான் கீது" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அவர்கள் கேசரியைக்கூட முடிக்காமல் எழுந்துபோனார்கள். மீதிக் கேசரிக்குக் கீழ் வீட்டு ரோசியாகிய நான் பொறுப்பேற்றேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள் நான். எனக்கு நேரம் நிறைய.

சௌக்கத் பாயின் கம்பெனி, படகுக்குள் தண்ணீர் ஏறினால் கரைக்குச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைச் செய்யப் பார்க்கிறது. அதற்காக, சிப் விற்கிறவர்கள் 'பழகிப் பாருங்கள்' என்று கொடுத்த பச்சை போர்டு ஒன்றை அக்கா சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். ஞாயிறு ஐந்து மணிக்குக் காசிமேட்டில் படகுக்காரர்கள் முன்னால் அது ஓட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து அக்கா போர்டுக்குக் கரண்ட் கொடுத்தாள். விளக்கு எரிந்தது. செய்தி அனுப்பச் சொன்னதும் அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பத்துத் தடவையும் அதே கதை. போனில் சௌக்கத் பாய் கத்தியது எனக்கே கேட்டது.

"கருக்கிட்டியாம்மா? நேத்து இங்க நல்லாதானே ஓடிச்சு!"

"கருகினா வாசன வரும் பாய். வரல" என்று வைத்துவிட்டாள்.

கரண்ட் கொடுக்கும் பெட்டியில் மீட்டரை வைத்தாள். சரியாக ஐந்து.

"அஞ்சு வந்துகினுதானே கீது, அப்புறம் இன்னா பேஜாரு?" என்றேன்.

"சும்மா குந்திகினு கீறப்ப எல்லாரும் அஞ்சுதாண்டி. வேல குடுத்தாதான் யோக்கியத தெரியும். உன்னாட்டம்."

செய்தி அனுப்பச் சொல்லிக்கொண்டே மறுபடி அளந்தாள். பெட்டியில் ஐந்து அப்படியே நின்றது. போர்டின் முனையில் நாலுக்கும் கீழே இறங்கியது.

"நடுவுல எவனோ திங்கறான்" என்றாள். ஒயரை மாற்றினாள். அதே நாலு. அப்படியானால் மிச்சம், ஒயர் போய்ச் சொருகும் நாலு சின்னப் பின்கள்தான்.

அந்த 'எவன்' நான்தான்.

எங்கள் பக்கம் கடல் காற்று இரும்பைச் சும்மா விடாது. சன்னல் கம்பி, சைக்கிள், தாழ்ப்பாள், எல்லாவற்றையும் தின்றுவிடும். படகு பேட்டரியின் முனையில் துரு ஏறாமலிருக்க அப்பா கிரீஸ் தடவி வைப்பார். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா குளிக்கப் போனபோது, அப்பாவின் டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து இந்தப் பின்களுக்கும் நான் பூசிவிட்டேன். படகில் முதலில் ஒயரை முறுக்கி இறுக்கிவிட்டு, மேலே தடவுவார்கள். நான் தடவிவிட்டேன், அக்கா அதன்மேல் சொருகினாள். அது மணலும் துருவும் கலந்த பழைய கிரீஸ் வேறு.

அக்கா ஒயரைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனாள். என்னைப் பார்க்கவில்லை. பழைய டூத் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் எடுத்து ஒவ்வொரு பின்னாகத் தேய்த்தாள், லென்ஸ் வைத்துப் பார்த்தாள், ஊதினாள், சொருகினாள். செய்தி போனது. மீட்டர் நாலு புள்ளி ஒன்பதில் நின்றது. இருபது தடவை அனுப்பினாள், இருபதும் போனது. சௌக்கத் பாய்க்குப் போன் போட்டு, "அஞ்சு மணிக்கு வந்துடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி இது?"

"சும்மா கலாய்க்கத்தான்க்கா" என்றேன். குறும்புக்காரி என்ற பெயர் எனக்குப் பழகியது, வலிக்காது. "நீ முழிக்கறத பாக்கலாம்னு."

"கலாய்க்கறவ ஒரேயடியா அப்பியிருப்பா." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பின்களுக்கு நடுவிலிருந்து எடுத்த தீக்குச்சி முனை ஒன்று அதில் இருந்தது. "நீ குச்சி வெச்சி ஒண்ணொண்ணா, பக்கத்துல படாம பூசிகினு கீற. எனக்கு வேல போயிடுமோன்னு என்னவிட நீதான் பயந்துகினு கீற, இல்ல?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்றப்ப உனக்கும் வோல்ட்டு எறங்குதுடி. மூஞ்சி கழுவிகினு வா, அழுத மூஞ்சியோட காசிமேட்டுக்கு நான் இட்டுகினு போவமாட்டேன்."