ஏழாம் எதிரிக்கு ஒரு நகல்

ஏழு. இருபது வருடங்களுக்கு முன்பு ஒரு நீதிமன்றம் அவளுக்குக் கொடுத்த எண் அது. பதினைந்து பேர் மீது போட்ட வழக்கில் அவள் ஏழாம் எதிரி. கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் எதிரிகள்தான். தான் யாருக்கு எதிரி என்பது அன்றைக்கும் அவளுக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

ஊரில் அவளுக்கு ரிவர்ஸ் அக்கா என்று பெயர். பால் சங்கத்து வேனை அவள்தான் ஓட்டுகிறாள். ஒரு மாடு குறுக்கே நின்றால் அடைத்துக்கொள்ளும் சந்துக்குள் வேனைப் பின்பக்கமாகவே விட்டு, பால் நிலையத்துப் படியை உரசாமல் நிறுத்துவாள். வேடிக்கை பார்க்கும் ஆண்கள் "லெஃப்ட் ஒடி, லெஃப்ட் ஒடி" என்று கத்துவார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பேருந்து ஓட்ட ஆள் எடுத்தார்கள். விடியும் முன் எழுந்து பால் கேன் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்தது போதும் என்று அவளும் மனு போட்டாள். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள், ஓட்டிக் காட்டினாள். வேலை கிடைத்த மாதிரிதான் என்று வீட்டில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது காவல் நிலையத்துச் சரிபார்ப்பு அறிக்கை வந்து சேர்ந்தது. சாலை மறியல், பேருந்துக் கண்ணாடி உடைப்பு என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரே வார்த்தை: நிலுவை.

பள்ளி மேலாளர் நல்ல மனுஷர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"உங்க ஓட்டத்துல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. ஆனா பேப்பர்ல கேஸ் நிக்குதே. பிள்ளைங்க ஏறுற வண்டி. விடுதலை ஆயிட்டீங்கன்னா கோர்ட்டு நகல் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. திங்கக்கிழமை வண்டி எடுக்கணும். அதுக்குள்ள வரலேன்னா அடுத்த ஆளைத்தான் கூப்பிடணும்."

அந்த வழக்கே ஒரு பேருந்துக்காக வந்ததுதான். அந்தக் காலத்தில் எந்த வண்டியும் அவர்கள் ஊரில் நிற்காது. பிள்ளைகள் லாரி பறக்கிற நெடுஞ்சாலை ஓரமாக நடந்தே பள்ளிக்கூடம் போனார்கள். ஒருநாள் காலை ஊரே திரண்டு ரோட்டில் உட்கார்ந்தது. எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. கண்ணாடி ஒன்று போனது. எறிந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. கைக்குக் கிடைத்த பதினைந்து பேரை எழுதிக்கொண்டு போனார்கள். வழக்கு அடுத்த வருடம் முடிந்தது. தீர்ப்பு சொன்ன அன்று அவள் பிரசவ வார்டில் இருந்தாள். மகள் பிறந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, கூட்டத்தை முன்னால் நின்று நடத்திய, பெருங்குரலுக்காக ஊரே பீரங்கி என்று கூப்பிடும் மனிதர் வார்டு வாசலில் வந்து நின்று, "எல்லாருக்கும் விடுதலை!" என்று கத்தினார். குழந்தை வீறிட்டது. நர்ஸ் அவரை விரட்டிவிட்டாள். அவளிடம் இருந்த தீர்ப்பு நகல் அந்தச் சத்தம் மட்டும்தான்.

"ஒரு வக்கீலைப் பிடி," என்றார் கணவர். தையல்காரர், வாயில் ஊசியை வைத்துக்கொண்டே பேசுவார்.

"நகல் வாங்க வக்கீல் எதுக்கு? நானே போறேன்."

"போ போ. போற வேகத்துல அந்தக் கட்டடத்தையும் ரிவர்ஸ் எடுத்துட்டு வந்துடாத."

புதன்கிழமை பால் இறக்கிய கையோடு கோர்ட்டுக்குப் போனாள். மாவட்டக் கோர்ட் என்று பெயர்தான் பெரிசு. ஒரு மாடி, நீள வராண்டா, ஒரு கால் ஆடும் பெஞ்சு. கடைசி அறைக் கதவில் 'நகல் பிரிவு' என்று எழுதியிருந்தது. உள்ளே கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒரு எழுத்தர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கூரை வரை துணியில் கட்டிய கட்டுகள்.

ரிவர்ஸ் அக்கா கையெடுத்துக் கும்பிட்டு, "மேடம், நான் தப்பு எதுவும் பண்ணலை மேடம்," என்று ஆரம்பித்தாள்.

"அதை ஜட்ஜுகிட்ட சொல்லியிருக்கணும். எனக்கு வழக்கு எண்ணைச் சொல்லுங்க."

"எண் தெரியாது மேடம். எனக்கு நகல் குடுப்பீங்களா?"

"ஏன் குடுக்காம? தீர்ப்புன்னா அது எல்லாருக்கும் பொது. ரோட்டுல போறவர் வந்து கேட்டாலும் மனு எழுதி, கட்டணம் கட்டினா குடுத்துத்தான் ஆகணும். நீங்க என்ன என்கிட்ட பிச்சையா கேக்குறீங்க? உக்காருங்க முதல்ல."

உட்கார்ந்தாள். பெஞ்சு ஆடியது. மறியல், பிரசவம், நிலுவை என்று எல்லாவற்றையும் சொன்னாள். பழைய வழக்குகள் கம்ப்யூட்டரில் இல்லை, தடித்த பதிவேடுகளில்தான் இருக்கின்றன என்றார் எழுத்தர் அம்மா. பதிவேட்டில் பதினைந்து பேரையும் எழுத மாட்டார்கள். முதல் எதிரியின் பெயரை எழுதி, 'மற்றும் பதினான்கு பேர்' என்று முடித்துவிடுவார்கள்.

"உங்க பேரைத் தேடினா உலகம் முடியிற வரைக்கும் கிடைக்காது. முதல் எதிரி யாரு?"

"பீரங்கி."

கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "என்னது?"

"பீரங்கிண்ணன் மேடம். ஊர்ல யாரைக் கேட்டாலும் தெரியும்."

"கோர்ட்டுக்குத் தெரியணுமேம்மா! அப்பா அம்மா வச்ச பேரு என்ன?"

ரிவர்ஸ் அக்கா யோசித்தாள். இத்தனை வருடப் பழக்கம். ஒரே ரோட்டில், ஒரே வெயிலில், தோளோடு தோள் உட்கார்ந்தவர். அவருக்கு வேறு பெயர் இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. கணவருக்குப் போன் போட்டாள். பால் சங்கத்துக்குப் போட்டாள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "பீரங்கிதான், வேற என்ன?"

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றார் எழுத்தர் அம்மா, குரலைத் தாழ்த்தி. "தீர்ப்பு அன்னிக்கு நீங்க வரலைன்னு சொல்றீங்க. வராத ஆளை சில சமயம் தனியாப் பிரிச்சு வச்சுருவாங்க. மத்தவங்களுக்கு விடுதலை ஆகியிருக்கும், உங்களுது மட்டும் அப்படியே கிடக்கும். நிலுவைன்னு வந்திருக்கே, அதான் யோசிக்கிறேன்."

இத்தனை வருடமாகத் தான் விடுதலை ஆனவள் என்று நினைத்துத் தைரியமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். அது ஒருவேளை பீரங்கியின் வெறும் சத்தம்தானோ?

நேராக அவரிடமே கேட்டுவிடலாம். ஆனால் பீரங்கி வீட்டோடு ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. தன் மகள் கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டவர் இவர்களை விட்டுவிட்டார். 'செத்தாலும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்' என்று அவள் வீம்பாகச் சொல்லியிருந்தாள். அன்று மதியம் மிதித்தாள்.

பீரங்கி இப்போது மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். மூட்டைக்கு மேல் உட்கார்ந்திருந்தவர் அவளைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

"அண்ணே, உங்க பேரு என்ன?"

அவர் திருதிருவென்று விழித்தார். "ஆறு வருஷம் கழிச்சு வந்து கேக்குற கேள்வியா இது? வெயில்ல வந்தியா? தண்ணி குடி."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கடையை ஒரு சுற்று பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவள் காதருகே குனிந்து பெயரைச் சொன்னார். ஊரை நடுங்க வைத்த அந்தத் தொண்டைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்திருந்தது ஒரு சின்ன வெள்ளைப் பூவின் பெயர்.

அவளால் அடக்க முடியவில்லை. தீவன மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரி, சிரி. இதுக்குத்தான் யார்கிட்டயும் சொல்றதில்ல," என்றார் அவர். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "கல்யாணத்துக்குக் கூப்பிடக் கூடாதுன்னு இல்லம்மா. பத்திரிகை வைக்க உங்க தெருவை என் மச்சான்கிட்ட விட்டேன். அவன் பாதியிலயே வீட்டுக்குப் போயிட்டான். நீ கோவமா இருக்கேன்னு தெரிஞ்சப்புறம் எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றது?"

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல? பீரங்கின்னு பேரு மட்டும்!"

"உன் விடுதலையும் நிஜம். உனக்காகத் தனியா ஒரு மனு எழுதிக் குடுக்கச் சொல்லி நான்தான் வக்கீலைப் பிடுங்கி எடுத்தேன். போய்ப் பாரு, இருக்கும்."

மறுநாள் அந்தப் பூவின் பெயரை எழுத்தர் அம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். வழக்கு போட்ட வருடத்துப் பதிவேட்டைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடித்தார். பதிவறைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார்.

"சாட்சி, வாக்குமூலம் இருந்த கட்டை காலக்கெடு முடிஞ்சதுன்னு எப்பவோ கழிச்சுட்டாங்க."

அவள் முகம் செத்துப்போனது.

"இருங்கம்மா, அதுக்குள்ள! கட்டைக் கழிப்பாங்க, தீர்ப்பைக் கழிக்க மாட்டாங்க. அது தனி அலமாரி. சாவி மேல்மாடியில இருக்கு. வாங்கிட்டு வர்றேன்."

தீர்ப்பு நான்கே பக்கம். ஓரம் பழுத்திருந்தது. எழுத்தர் அம்மா மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்து வாசித்தார்: ஏழாம் எதிரி பிரசவத்தின் பொருட்டு இன்று முன்னிலையாகவில்லை, அவர் சார்பிலான மனு ஏற்கப்படுகிறது. அடுத்த பக்கத்தில் ஒரு வரி: ஒன்று முதல் பதினைந்து வரையுள்ள எதிரிகள் அனைவரும் விடுதலை செய்யப்படுகிறார்கள்.

"இன்னொரு தடவை படிங்க மேடம்."

படித்தார். பிறகு தானாகவே மூன்றாம் முறையும் படித்தார். காவல் நிலையத்தில் யாரோ அந்த வருடக் கணக்கை முடிக்க மறந்திருப்பார்கள், நகலைக் காட்டினால் திருத்திவிடுவார்கள் என்றார். "அப்புறம், பொண்ணு என்ன பண்ணுது இப்ப?"

"நர்சுக்குப் படிக்குது மேடம். சத்தம் போட்டா பிடிக்காது."

வெள்ளிக்கிழமை மாலை முத்திரையும் கையெழுத்துமாக நகல் கைக்கு வந்தது. மடித்தால் முத்திரை அழிந்துவிடுமோ என்று பயந்து, வேனில் பக்கத்துச் சீட்டில் விரித்து வைத்து, அதற்கும் சீட் பெல்ட் போட்டு ஓட்டிக்கொண்டு வந்தாள். மேலாளர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

திங்கட்கிழமையிலிருந்து பள்ளிப் பேருந்தை அவள்தான் ஓட்டுகிறாள். அவர்கள் ஊர் நிறுத்தத்தில் ஒன்பது பிள்ளைகள் ஏறுகிறார்கள். தன் கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட பீரங்கியும் ஒரு நகலுக்கு மனு போட்டிருக்கிறார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.