சுவருக்கு அந்தப் பக்கத்து மாணவர்

யூன் 10, செவ்வாய்க்கிழமை. காலையில் கிணற்று மோட்டரைப் போட்டு, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டேன். மதியம் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். பின்னேரம் இணுவில் சந்தியில் பால்மா வாங்கி வந்து, லப்டொப்பைத் துடைத்து வைத்து, ஏழு மணி வகுப்புக்குத் தயாரானேன்.

என்ன வகுப்பு? வேலைக்குப் போகிறவர்களுக்கு இணையத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதது, தொடக்கத்தில் நான் போட்ட சட்டம். கமெரா போட வேண்டும். திரையில் சொந்தப் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். ஒழுங்கென்றால் ஒழுங்கு.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? யாழ்ப்பாணத்தில் பெயரும் ஊரும் தெரிந்தால் போதாதா... "நீங்கள் கோயிலடியோ? அப்ப பரமேஸ் ரீச்சரின்ரை மருமகனோ?" என்று யாராவது தொடங்கிவிடுவார். அதற்குப் பிறகு அந்த மருமகன் பிழை விட்டால் அது முழுக் குடும்பத்தின் பிழை. அடுத்த கிழமை பாதிப் பேரைக் காணவில்லை.

சட்டத்தை எடுத்துவிட்டேன். 'அம்மாவின் போன்', 'கறுத்தக்கொழும்பான்' மாம்பழம் என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பேசினார்கள், பிழை விட்டார்கள், சிரித்தார்கள். வளர்ந்தவர்களுக்கு முதலில் தேவை பாடப்புத்தகம் அல்ல, ஒளிந்துகொள்ள ஒரு மறைவு! இரண்டாவது — நாளைக்கு வேலையில் பேச வேண்டியதை இன்றைக்கே பேசிப் பார்க்க ஓர் ஆள்.

அந்தச் செவ்வாய் மாலையும் அதைத்தான் கேட்டேன். நாளைக்கு யாருக்கு என்ன தேவை?

"எனக்கு இன்ரவியூ, ரீச்சர்," என்றது அம்மாவின் போன். பெண் குரல். "வேலையிடத்திலை சூப்பவைசர் பதவிக்குக் கேட்டிருக்கிறன். இங்கிலிசிலைதானாம். இதை விட்டா இனி எப்ப வருமோ தெரியாது."

அன்றுதான் புதிதாகச் சேர்ந்திருந்த 'முருகன் துணை' இரகசியம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கும் நாளைக்கு இன்ரவியூ. ஆனா நான் கேட்கிற ஆள், ரீச்சர். மனேஜர். கொழும்பிலையிருந்து டைரெக்டர் வந்து பக்கத்திலை இருப்பாராம். இவ்வளவு காலமும் தமிழிலை சமாளிச்சிட்டன்."

கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் ஒரே வகுப்பில் கிடைத்தால் விடுவேனா? மற்றவர்களுக்கு வேறு பயிற்சி கொடுத்துவிட்டு, இருவரையும் தனி அறைக்கு மாற்றி நானும் போனேன்.

"ரெல் மீ..." என்று அவர் தொடங்க, அவள் மைக்கைத் திறக்க — கூ... என்று ஓர் ஊளை. ஒருவரை மியூட் செய்தால் நின்றது. இருவரும் திறந்தால் மறுபடியும் ஊளை. அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்: இரண்டு போன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அப்படி ஊளையிடும்.

"நீங்கள் ரெண்டு பேரும் ஒரே கட்டடத்திலையோ இருக்கிறியள்?"

"நான் கந்தோரிலை," என்றார் அவர்.

"நானும் வேலையிடத்திலைதான். இஞ்சை வைஃபை நல்லம் எண்டு..." அவள் நிறுத்தினாள். "சேரோ?"

"ஆர்... சுகிர்தாவோ?"

"சேர் அப்பவே வெளிக்கிட்டிட்டார் எண்டெல்லோ நினைச்சனான். மோட்டச்சைக்கிளையும் காணேல்லை."

"அது... பின்பக்கம் ஒளிச்சு விட்டிருக்கு."

அச்சுவேலிப் பக்கத்துப் பழச்சாறு கொம்பனி. அவர் மனேஜர் அறையில், அவள் அடுத்த பக்கிங் அறையில். நல்ல காலம், நடுவில் ஒரு பலகைச் சுவர்.

எனக்கு வேறு கவலை. நாளைய கேள்விகளை இன்றைக்கே அவளிடம் கேட்டால் அது கேள்வித்தாளைக் கொடுப்பதல்லவா? வேறு இரண்டு பேரும் அதே பதவிக்கு நிற்கிறார்களாம். "உங்கடை கேள்வி வேண்டாம், சேர். வேறை ஏதும் கேளுங்கோ," என்றேன்.

"வேறை கேள்வி எனக்கு இங்கிலிசிலை தெரியாது, ரீச்சர்."

சரி, அப்படியென்றால் சுகிர்தா கேட்கட்டும், மனேஜர் பதில் சொல்லட்டும்.

அவள் தயங்கித் தயங்கித்தான் தொடங்கினாள். "வை டூ யூ லைக் யுவர் ஜொப், சேர்?"

நீண்ட மூச்சு. "ஐ லைக்... த பீப்பிள்."

"விச் பீப்பிள், சேர்?"

ஆள் அகப்பட்டுவிட்டார். "சுகிர்தா, நாளைக்கு டைரெக்டருக்கு முன்னாலை உப்பிடிக் கேட்டுப்போடாதையும்."

அவள் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். வகுப்பு முடியும்போது அவளுடைய குரலில் நடுக்கம் இல்லை. அவருடைய குரலில்தான் இருந்தது.

மறுநாள் மதியத்துக்கு முன்பே அழைத்தாள். "வேலை கிடைச்சிட்டுது, ரீச்சர்."

"சேர் கேள்வியெல்லாம் ஒழுங்காக் கேட்டவரோ?"

"அவர் கேட்கேல்லை. காலமை டைரெக்டர் வந்து இருந்தவுடனை, எங்கள் மூண்டு பேருக்கும் முன்னாலை எழும்பி நிண்டு, 'சேர், மை இங்கிலிஸ் ஸ்மோல். சுகிர்தா அன்ட் மீ, சேம் கிளாஸ். யூ ஆஸ்க், ப்ளீஸ்' எண்டிட்டார்."

"டைரெக்டர் என்ன சொன்னவர்?"

"கதிரையை எங்கடை பக்கம் திருப்பி, எல்லாரையும் தானே கேட்டார்."

அந்தக் கந்தோரில் எல்லாருக்கும் முன்னால் மனேஜர் வாயிலிருந்து வந்த முதல் ஆங்கிலம் அதுதானாம்.