கேக்குத் தூளில் வால்மிளகு

செஞ்சியில் கோட்டைக்குப் போகும் சாலையில் எங்கள் ரொட்டிக்கடை இருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவே ஒரு கோணிப் படுதா மட்டும்தான். மாவு பிசைவதும் அடுப்பு பார்ப்பதும் மாஸ்டர் வேலை. ரஸ்க்கிலும் கேக்கிலும் போடும் மசாலாத் தூளை மட்டும் அம்மா வீட்டில் இடிப்பாள். அத்தா அதை டப்பாவில் கொண்டுபோய்த் தன் கையால் மாவில் போடுவார். பன்னிரண்டு வருஷம் எங்களிடம் இருந்த மாஸ்டருக்கே அதில் என்னென்ன இருக்கிறது என்று சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

அத்தா அப்படி மறைத்ததற்குக் காரணம் இருந்தது. சின்ன வயதில் அவர் புதுச்சேரியில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்த்தார். அந்த முதலாளியின் மாமனார் வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்தவர். அவர் வழியாக வந்த தூள் அது. முதலாளி யாருக்கும் சொல்லித்தரவில்லை. ஆனால் மளிகைச் சீட்டை அத்தாவிடம்தான் கொடுத்து அனுப்புவார். சீட்டை மனப்பாடம் செய்துகொண்டு அத்தா ஊருக்கு வந்துவிட்டார்.

தான் செய்ததை இன்னொருவன் தனக்குச் செய்துவிடக் கூடாது என்று, தன் சீட்டில் வேண்டாத சரக்கு ஒன்றைச் சேர்த்தே எழுதுவார். ஒரு தடவை ஓமம், ஒரு தடவை கசகசா. வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை எடுத்து ஒதுக்கிவிடுவாள். "பாய் கேக்குல ஓமம் போடறாருப்பா" என்று மளிகைக் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்ல, அத்தா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு டிசம்பர். அக்காவின் பிரசவத்துக்காக அம்மா திண்டிவனம் போயிருந்தாள். "தூளை நீ இடிச்சிடு" என்று பொட்டலத்தை வைத்துவிட்டு அத்தா கடைக்குப் போய்விட்டார். தினப்படி ரஸ்க்குக்குப் போடும் தூள் எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் கேக்குத் தூள் வேறு. அதை நான் சலித்திருக்கிறேனே தவிர, இடித்ததில்லை. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு எல்லாம் இருந்தன. அவற்றோடு வால்மிளகும் இருந்தது. மிளகுக்குக் காம்பு ஒட்டியது போல இருக்கும். அதுதான் வேண்டாத சரக்கா? படுதாவை விலக்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடையில் ஆம்பளைகள் நின்றார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, அத்தாவிடமே தலை நிமிர்ந்து பேச மாட்டேன். மோந்து பார்த்தேன். வாசனையாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து இடித்துவிட்டேன்.

பக்கத்து ஊர் சர்ச்சுக்குப் போன கேக்குகள் மறுநாள் கூடையோடு திரும்பி வந்தன.

"பாய், இது கேக்கா, இருமல் டானிக்கா? கொயந்தைங்க துப்புதுங்க" என்றார் கொண்டுவந்தவர்.

படுதாவின் இடுக்கு வழியே பார்த்தேன். அத்தா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். ஒரு தடவை படுதாப் பக்கம் திரும்பினார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார்.

"இன்னா கலந்தே?"

"நான் இன்னா பாய் கலக்கறது? மாவு, டால்டா, முட்டை. தூள் உங்க வூட்லேர்ந்து வந்தது."

"இத்தினி வருஷம் கெடாத தூளு இன்னிக்கிக் கெட்டுச்சா? அவலூர்பேட்டையில சொந்தமா கடை போடப் போறேன்னியே, அதுக்கு என் பேரைக் கெடுத்துட்டுத்தான் போவணுமா?"

மாஸ்டர் கையில் இருந்த மாவைத் தட்டிவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அம்மா வந்ததும் அத்தா அவளிடம் ஒன்றுதான் சொன்னார்: "இனிமே அவளை இடிக்க விடாதே." என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உண்மையைச் சொன்னால் ஓமக் கதையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அம்மாவிடம் நான் அழுதபோது, "வாயைத் தொறக்காதே, உன்னைப் பொண்ணு கேட்டு வராங்க" என்றாள். நான் திறக்கவில்லை. அதுதான் எனக்கு எளிதாகவும் இருந்தது.

கேக்கைக் கெடுத்தவன் என்ற பேச்சு அவலூர்பேட்டை வரை போயிருந்தது. மாஸ்டர் கடை போடவில்லை. சந்தையில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி மறுவருஷம், அவலூர்பேட்டையில் பஸ் நின்றபோது ஜன்னலுக்குக் கீழே அவர் நின்றார். நன்றாக இளைத்திருந்தார்.

"பாப்பா, அத்தா நல்லா கீறாரா?"

"ம்."

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்கி மாவு பிசையறதுக்கு முன்னாடி, எலி மருந்து வெச்ச கோணியை ஒதறிப்போட்டேன். கை கழுவினேனா இல்லியான்னு இன்னும் நெனப்பு வரல. தூள்ல ஒண்ணும் இல்லதானே?"

பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"ஒண்ணும் இல்ல மாஸ்டர்" என்றேன்.

"அப்ப என் கைதான்" என்றார். பஸ் நகர்ந்தது. அவர் உள்ளங்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே நின்றார்.