மானின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது

நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று நினைத்த ஒன்றை, எடுத்த அன்றைக்கு மதியமே ஃபேஸ்புக்கிலிருந்து நானே தூக்கிவிட்டேன். நடந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போதுதான் மனசு கொஞ்சம் ஆறியிருக்கிறது... அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எனக்குக் கேமரா பைத்தியம் பிடித்த கதை உங்களுக்குத் தெரியும். மைனா, கொக்கு, மரங்கொத்தி என்று போய்க்கொண்டிருந்தவளுக்கு மான் மேல் ஆசை வந்தது. எல்லாம் யூடியூப் செய்த வேலை. எங்கோ ஒரு பனி நாட்டில் ஒருவர், மூஸ் என்கிற, குதிரையை விட உயரமான மானைப் படம் எடுக்க மணிக்கணக்கில் பனியில் குப்புறக் கிடக்கிறார். மான் இருக்கும் பக்கமிருந்து காற்று நம்மை நோக்கி வர வேண்டும், வாசனை சோப்பு கூடாது, தும்மக் கூடாது — எல்லாம் அவரிடம் கற்ற பாடம்.

அவருக்குப் பனி. எனக்கு? மார்கழி மாதத்துக் கரிசல் மண். மழை நின்று நாலு நாள் ஆன பிறகும் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் ஆளை விடுகிற மண்!

இடம் காட்டியது ராமலட்சுமி. என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவள். இப்போது கயத்தாறு பக்கம், குருமலைக் காட்டை ஒட்டிய ஊரில் கணவரோடு விவசாயம் பார்க்கிறாள். "மானு வந்து உளுந்தப் பூரா மேயுது டீச்சர். நீங்க படமாவது பிடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டிருந்தாள்.

விடியும்போதே வரப்பில் குப்புறப் படுத்துவிட்டேன். அரை மணி... ஒரு மணி... முழங்கை மரத்துப்போனது. ஆறே முக்கால் இருக்கும், ஓடைப் பக்கமிருந்து அது வந்தது. கொம்பு வைத்த ஆண் புள்ளிமான். தனியாக. இளவெயில் முதுகில் விழ, தலையை லேசாகச் சாய்த்து என் பக்கம் பார்த்தபடி நின்றது. கொம்பிலிருந்து கழுத்து வரை பச்சையாக ஏதோ ஒரு கொடி.

எட்டுப் படம் எடுத்தேன். எட்டாவது முடிவதற்குள் அது திரும்பிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து காபி கூடக் குடிக்கவில்லை. 'காடு சூட்டிய மாலை' என்று ஒரு தலைப்பு வைத்துப் படத்தைப் போட்டேன். லைக் வந்து குவிந்தது. 'மாப்பிள்ளை மாதிரி நிற்கிறதே!', 'என்ன கம்பீரம்!' என்று ஆளாளுக்குப் பாராட்டு. போனைக் கீழே வைக்காமல் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது... ஆனால் அதுதான் உண்மை.

மதியம் ராமலட்சுமி கூப்பிட்டாள். பாராட்டத்தான் என்று நினைத்து, "பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன் டீச்சர். அது கொடி இல்ல. வலை."

"வலையா?"

"எங்க வலைல்லா! பன்னிக்கும் மானுக்கும் பயந்து உளுந்தச் சுத்திக் கட்டுனது. பச்சை நைலானு, ஓரத்துல நீலக் கயிறு. நாந்தான் கோத்தேன். வடக்க ஒரு பக்கம் பிஞ்சு கெடக்குன்னு எங்க வீட்டுக்காரவிய முந்தாநாளு சொன்னாவ. மான் வாயப் பெரிசு பண்ணிப் பாருங்க டீச்சர்..."

படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். கொம்பில் சுற்றிய வலை கீழே இறங்கி, தாடையை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. வாய் திறக்க வழியே இல்லை. தோல் அறுந்து ரத்தம் காய்ந்திருந்தது. தலையைச் சாய்த்தது கம்பீரத்தால் அல்ல, பாரம் தாங்காமல். விலா எலும்பை எண்ணலாம்.

எண்ணூறு மில்லிமீட்டர் லென்ஸ் வழியாக அதன் கண் இமையைப் பார்த்தவள் நான். வாயைப் பார்க்கவில்லையே!

படத்தை நீக்கிவிட்டு, ஆட்டோ பிடித்து ராமலட்சுமி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கணவன் மனைவிக்குள் சண்டை கேட்டது. சண்முகையா நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு அவர் குரல் நடுங்கியது.

"ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? ஃபாரஸ்டுக்குச் சொன்னா, வலை யாருதுன்னுதான் மொதல்ல கேப்பான். மான் கேசுன்னா உள்ள வச்சிருவாங்க. பிள்ளையள யாரு பாப்பா?"

"அதுக்காவ அது வாயக் கெட்டிக்கிட்டுச் சாவட்டும்னு விடச் சொல்லுதியளா?"

"நான் அப்படிச் சொன்னனா..."

ராமலட்சுமி என் பக்கம் திரும்பினாள். "நீங்க போன் போடுங்க டீச்சர். படம் ஒங்ககிட்டதான இருக்கு."

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இடத்தை மட்டும் சொல்லி, வலையைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தால் என்ன? நான் அதை வெளியில் சொல்லவில்லை. ஆனால் அவள் புரிந்துகொண்டாள். "எதையும் மறைக்காண்டாம். வலை யாருதுன்னு கேட்டா நானே சொல்லிக்கிடுதேன்" என்றாள். நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளை!

போன் போட்டேன். வனத்துறையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். ஒரு வனவர், அதாவது அதிகாரி, மூன்று காவலர்கள். என் எட்டுப் படங்களையும் வாங்கிப் பார்த்து, பின்னால் தெரிந்த ஒற்றைப் பனையை வைத்து அது போன திசையைக் கண்டுபிடித்தார்கள். தேடுகிற அவசரத்தில் வலை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. பொழுது சாயும்வரை தேடியும் மான் கிடைக்கவில்லை. "இனி வெளிச்சம் பத்தாது. துரத்துனா பயத்துலயே செத்துப்போகும். காலையில பாப்போம்" என்றார் வனவர்.

காலை ஆறரைக்குப் போன் அடித்தது. சண்முகையா!

"டீச்சர், கண்டுட்டேன். ஓடைக்குள்ள, சீமைக்கருவேலுல வலை மாட்டிக் கெடக்கு. உசுரு இருக்கு. ஃபாரஸ்டுக்குச் சொல்லிட்டேன். வாரீங்களா?"

இருள் பிரியுமுன்பே தனியாகக் கிளம்பி ஓடை முழுக்க நடந்திருக்கிறார். வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர்.

நான் போய்ச் சேர்ந்தபோது கால்நடை மருத்துவரும் வந்துவிட்டார். மான் படுத்தபடி கிடந்தது. ஆளைக் கண்டதும் எழுந்து இழுத்தது, விழுந்தது, மறுபடியும் இழுத்தது. "யாரும் பேசக் கூடாது. மானோட கண்ண மூடணும். துணி இருக்கா?" என்றார் மருத்துவர். ராமலட்சுமி ஓடிப்போய், வேலியில் கட்டியிருந்த பழைய சேலை ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். அதைத் தலைமேல் போட்டதும் அது அப்படியே அடங்கியது. ஒருவர் கொம்பைப் பிடிக்க, இருவர் காலைப் பிடிக்க, மருத்துவர் கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டினார். நறுக், நறுக் என்ற அந்தச் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை.

வலை கழன்று வந்துவிட்டது. காயத்துக்கு மருந்து அடித்து, ஊசி போட்டு, சேலையை எடுத்துவிட்டு எல்லோரும் பின்வாங்கினோம்.

அது எழவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ராமலட்சுமி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. மருத்துவர் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு முன்னங்கால் அசைந்தது. எழுந்து, தள்ளாடி, நின்றது. வாயை ஒருமுறை அகலமாகத் திறந்து மூடியது — கொட்டாவி விடுவதுபோல. அடுத்த நொடி ஒரே தாவு! ஓடையைத் தாண்டி, காட்டுக்குள் போயே போய்விட்டது.

சண்முகையா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெட்டிய வலையைக் கையில் எடுத்துப் பார்த்த வனவர் கேட்டார்: "இது யாரு வலை?"

"என்னுது" என்றாள் ராமலட்சுமி. "என்னுது சார், அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் சண்முகையா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. இவர்கள் இருவரும் ஒன்றாகப் பேசி அப்போதுதான் கேட்கிறேன்.

வனவர் சிரிக்கவில்லை. வயலைச் சுற்றி நடந்தார். கம்பை அசைத்துப் பார்த்தார், பிய்ந்த இடத்தைப் படம் எடுத்தார். திரும்பி வந்து சொன்னார்:

"இது வேட்டைக்கு வச்ச சுருக்கு இல்ல, வேலிதான். தெரியுது. ஆனா இன்னைக்கே பூராத்தையும் கழட்டிரணும். இனிமே நைலான் கட்ட மாட்டோம்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க. பயிர்ச் சேதத்துக்கு மனுவும் போடுங்க. தகவல் சொன்னதே நீங்கதான்னும் நான் எழுதிக்கிடுதேன்."

ராமலட்சுமி அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நானும். சேறாவது ஒன்றாவது... அந்தக் கரிசல் மண் அன்றைக்கு மெத்தையாக இருந்தது!

படம் எடுக்கிற எங்களுக்கெல்லாம் இது ஒரு வியாதி. வெளிச்சம் பார்ப்போம், ஃபோகஸ் பார்ப்போம். எதிரில் நிற்பது என்ன பாடு படுகிறது என்று மட்டும் பார்க்க மாட்டோம். கல்யாண மேடையில் காலையிலிருந்து பட்டினியாக நிற்கிற பெண்ணை, "கொஞ்சம் சிரிம்மா" என்று கேட்பதும் இதே வியாதிதானே? இப்போதெல்லாம் நான் படத்தை யாருக்கும் அனுப்புவதற்கு முன் மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்துவிடுகிறேன்.

போன புதன்கிழமை ராமலட்சுமி போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு கோபம்.

"டீச்சர், ஒங்க ஆளு வந்துட்டுப் போயிருக்கான். அவிய பாத்தாவளாம், தாடையில தழும்பு இருக்காம், அவனேதான். தெக்கு மூலையில உளுந்த மொட்டையடிச்சிட்டான்!"

"நல்லாத் தின்னானா?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "வெள்ளாமை போச்சுன்னு சொல்லுதேன்... நல்லாத் தின்னானான்னு கேக்குதீங்க!"

பின்னே, கேட்காமல் எப்படி? அத்தனை நாள் பட்டினி கிடந்த பிள்ளையாயிற்றே!