ஆயாக்கொட்டகை மேல் சாய்ந்த மரம்

காலைப் பெரட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பெரட்டு என்பது ஆள்கணக்கு எடுக்கும் நேரம். விடிவதற்கு முந்திய அரையிருட்டில் வாளிகள் இடிபட, ஆளாளுக்குப் பேசிக்கொண்டு நிற்பார்கள். பெயர் கூப்பிட என் தொண்டை போதாது. அன்று கணக்கு முடிந்ததும் நான் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, "நம்ம தோட்டத்துக்கு என்னென்ன ஆபத்து வரலாம்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்று கேட்டேன். வாளிச் சத்தம்கூட நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "ஏந்தம்பி, காலங்காத்தால உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" கூட்டம் சிரித்துக் கலைந்தது.

அப்படிக் கேட்டவர் ஆயாம்மா. அம்மாக்கள் பால்மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகை அவர் பொறுப்பில் இருந்தது. நாற்பது வயதிருக்கும். வெற்றிலை வாய், எட்டு வரிசை மரத்துக்கு அப்பால் கேட்கும் குரல், இடுப்பில் எப்போதும் யாருடைய பிள்ளையாவது ஒன்று. நானோ மலாக்கா டவுனை ஒட்டிய பாச்சாங்கில் பிறந்து வளர்ந்தவன். கொஞ்சம் இங்கிலீஷ் படித்திருந்ததால் மலாக்காவிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்திலிருந்த அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். சட்டை மடிப்புக் கலையாமல் நடக்கத் தெரியும் என்பதைத் தவிர எனக்குத் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆயாம்மா முதல் நாளே அதைக் கண்டுகொண்டு, தினமும் காலையில் எனக்கு ஒரு தகரக் குவளை காப்பியும் இரண்டு கிண்டலும் தர ஆரம்பித்தார். இரண்டும் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது.

காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்கார அரசாங்கம் வேட்டையாடிய அவசரகாலம் அது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, இருட்டினால் கேட் பூட்டு, சோற்றுப் பொட்டலம்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற சட்டம். இந்த நேரத்தில்தான் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு தோட்டமும் தன் ஆபத்துகளை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். வரிசையில் முன்னால் நிற்பவற்றைச் சரிசெய்யத் தகரமோ சிமெண்டோ ஆளோ கிடைக்கும். துரை அதைப் படித்துவிட்டு, "முதல் இடம் காட்டுக்காரர்களுக்கு. மீதியை நீ கேட்டு எழுது" என்று என்னிடம் தள்ளிவிட்டார். மீதி என்றால் வெள்ளம், தீ, காற்று, காய்ச்சல் எல்லாம். பெரிய வேலை கிடைத்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

பெரட்டில் மூக்குடைபட்டபின் லயம் லயமாகப் போனேன். அங்கேயும் அதே கதைதான். "எங்க லயத்துல ஒண்ணும் இல்லீங்க, சாமி புண்ணியத்துல நல்லா இருக்கோம்" என்பார்கள். தன் வீடு பற்றி எரியும் என்றோ, தன் பிள்ளையை வெள்ளம் கொண்டுபோகும் என்றோ வாயால் சொல்ல யார்தான் துணிவார்கள்? சொன்னதும் அந்த ஆபத்தின் காதில் விழுந்து அது கிளம்பி வந்துவிடும் என்பது போல ஒரு பயம். எங்கள் அம்மாவும் பாச்சாங்கில் அப்படித்தான். என்னால் அதைக் குறையாகச் சொல்ல முடியவில்லை. வெறும் தாளோடு திரும்பும்போது மேட்டு லயத்துக் கங்காணியான மண்டோர் ஒருவர் கேட்டின் அருகே என்னை நிறுத்தி, ரகசியம் போல, "எங்களுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. பள்ளத்து லயத்தைப் பாருங்க. மழை பேஞ்சா அவங்க சட்டி பானையெல்லாம் கடைக்குப் போயிட்டு வரும்" என்றார்.

எனக்கு வழி பிறந்துவிட்டது. மறுநாளிலிருந்து யாரிடமும் அவர்களுடைய ஆபத்தைக் கேட்கவில்லை, அடுத்தவர் ஆபத்தைத்தான் கேட்டேன். அடேயப்பா, என்ன பேச்சு! பள்ளத்து லயத்துக்காரர்கள் மேட்டு லயத்தின் கூரைத் தகரம் ஆணி இல்லாமல் ஆடுவதைச் சொன்னார்கள். குடும்பக்காரர்கள், கல்யாணம் ஆகாத பையன்கள் விறகடுப்பை அணைக்காமல் தூங்குவதைச் சொன்னார்கள். பையன்கள் குடும்பக்காரர்களின் கிணற்றுக்குச் சுவர் இல்லாததைச் சொன்னார்கள். எல்லாம் சரியாகவும் இருந்தது, எல்லாவற்றிலும் கொஞ்சம் பழைய கோபமும் இருந்தது. எழுதி எழுதிக் கை வலித்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்தவரைப் பற்றிக் கேட்பது அந்தக் காலத்தில் எவ்வளவு விபரீதம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. "அவங்க காட்டுக்காரங்களுக்கு அரிசி குடுக்கிறாங்க" என்று யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், விடிவதற்குள் ஒரு குடும்பம் போலீஸ் லாரியில் ஏற்றப்பட்டிருக்கும். அத்தனை பேச்சிலும், அத்தனை பழைய கோபத்திலும், ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை. தாள்களைப் படித்துப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. அந்த ஜனங்கள் மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் இறங்கவில்லை.

எல்லா லயமும் ஒரே குரலில் சொன்ன ஆபத்து ஒன்றுதான். ஆயாக்கொட்டகை மேல் சாய்ந்து நின்ற, முள்பழம் காய்க்கும் டுரியான் மரம். இரண்டு பேர் கைகோர்த்தாலும் கட்ட முடியாத கிழட்டு மரம்; வேர் ஒரு பக்கம் மண்ணை விட்டு எழும்பி இருந்தது. உள்ளே செல்லரித்து இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். கீழே அத்தாப்பு ஓலைக் கூரை, அதற்குள் தூளிகளில் தோட்டத்தின் அத்தனை கைக்குழந்தைகளும். அடிக்கடி நடக்குமா, எத்தனை உயிர் போகும், நம்மால் தடுக்க முடியுமா என்று மூன்று விதமாகவும் போட்டுப் பார்த்தேன். துரையின் ஆபத்துக்கு அடுத்த இடத்தில் அதை எழுதி, மறுநாள் பெரட்டில் வாசித்தேன்.

அன்று காப்பி வரவில்லை. ஆயாம்மாதான் வந்தார், இரண்டு இடுப்பிலும் இரண்டு பிள்ளைகளோடு.

"என் கொட்டகை ஆபத்தா, தம்பி? இத்தனை வருஷத்துல ஒரு புள்ளைக்கு முள்ளு குத்தியிருக்கா?"

"உங்களச் சொல்லலீங்க ஆயாம்மா, மரத்தைத்தான் சொன்னேன்."

"மரத்தடியில புள்ளைங்கள வச்சிருக்கிறது யாரு? நான்தானே. நாளைக்கு எந்தத் தாய் என்னை நம்பிப் புள்ளைய விட்டுட்டுப் போவா?"

அவருக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தோட்டத்தில் அவருக்கென்று இருந்தது அந்தக் கொட்டகையும் அதனால் வந்த நல்ல பெயரும்தான். அதை நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று, உரத்த குரலில், ஆபத்து என்று வாசித்துவிட்டேன். அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் இடுப்பிலுள்ள பிள்ளையிடம், "அந்தப் பக்கம் பாக்காதடா" என்பார். அந்தப் பிள்ளை தவறாமல் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

மரத்தை வெட்ட உத்தரவு வந்து, பக்கத்துக் கிராமத்திலிருந்து மரம் அறுக்கும் மலாய்க்காரர் இருவர் வந்தார்கள். குழந்தைகளைப் பெரட்டுக் களத்துக்கு மாற்றிவிட்டு, தோட்டமே கூடி நின்றது. கயிறு கட்டி, எதிர்ப்பக்கம் சாய்த்து, மரத்தை விழவைத்தார்கள். பெரியவர் குனிந்து அறுத்த இடத்தைத் தட்டிப் பார்த்தார். "பாகூஸ் காயு லா" என்றார். நல்ல மரம் என்று அர்த்தம். செல்லும் இல்லை, பொந்தும் இல்லை. உள்ளே ஒரு குறை கிடையாது. கூட்டம் முதலில் மரத்தைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

அதன்பின் எனக்கு டுரியான் கிராணி என்று பெயர். "அடுத்து எந்த நல்ல மரத்தைச் சாய்க்கிறீங்க?" என்று பையன்கள் கேட்பார்கள். டுரியான் பழக்காலம் நெருங்க நெருங்கக் கிண்டலில் காரம் ஏறியது. ஒரு சம்பள நாளில் பலர் கூடியிருந்தபோது ஒருவர் ஆயாம்மாவைப் பார்த்து, "நீங்க சொன்னதுதான் சரி. நல்லா இருந்த மரம், நல்லா இருந்த கொட்டகை. இந்த டவுன் தம்பி கெடுத்துட்டாரு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆயாம்மா ஜெயிக்க வேண்டிய நேரம் அது, ஜெயித்திருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

ஆயாம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "மரம் நல்ல மரம்தான்" என்றார். "ஆனா கடல் பக்கமிருந்து சுமாத்ரா சூறைக்காத்து கிளம்புச்சுன்னா நான் ஒரு நாளும் உக்காந்ததில்ல. ரெண்டு ரெண்டு புள்ளையா தூக்கிட்டுப் பின்னாடி மாட்டுக்கொட்டாய்க்கு ஓடுவேன். நீங்க பால்மரக் காட்டுலேருந்து வர்றதுக்குள்ள பழையபடி தூளியில போட்டுருவேன். வெளிய சொன்னா உங்க நெஞ்சு தாங்குமா? எனக்கே சொல்ல வாய் வரல. தம்பிதான் சொல்லிட்டாரு."

பிறகு ஓர் இளம் தாய், "அதான் எம்புள்ள தலையில எப்பப் பாத்தாலும் புல்லு இருந்துச்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், தோட்டமே சிரித்தது. "என் பொண்ணு சாணி நாத்தம் அடிச்சா" என்று இன்னொருத்தி சொன்னாள். சிரித்துக்கொண்டே சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

இப்போது புக்கிட் காத்திலில் நாங்கள் இருக்கும் குடியிருப்பிலும் இப்படி அதிகாரிகள் வந்து கேட்கிறார்கள். இளைஞர்கள் தங்கள் வீட்டு வாசல் வெள்ளத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. நல்லதுதான். ஒன்றும் நடக்காமல் போனால், வீண் செலவு என்று பிறகு திட்டுகிறார்கள். அவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. அந்த நேரங்களில் எனக்கு நினைவு வருவது ஒரே ஒரு காலைதான்.

மரம் போனபின் வந்த முதல் சுமாத்ரா காற்று அது. ஆபீஸ் ஜன்னலைச் சாத்த எழுந்த எனக்கு எதிரே ஆயாக்கொட்டகை தெரிந்தது. ஆயாம்மா இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார். முற்றத்தில் நின்று மேலே பார்த்தார். மேலே வெறும் வானம். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார், பிறகு உள்ளே திரும்பி, பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூளியில் போட்டார். காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆயாம்மா கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்தார்.